இளைப்பாறட்டும் என்றொரு வினைச்சொல்

என் கணவர் இறந்துபோன அன்று மதியத்துக்குள் என் செல்போன் முழுக்க 'ஆர்.ஐ.பி.' வந்து குவிந்துவிட்டது. மில்லில் அவரோடு வேலை பார்த்தவர்களின் குரூப்பில் ஒருவர் போட, அடுத்தவர் போட, கும்பிடும் கை ஒன்றும் அழுகிற மூஞ்சி ஒன்றும் சேர்த்து வரிசையாக வந்துகொண்டே இருந்தன. யாரையும் குறை சொல்லவில்லை. இப்போதெல்லாம் துக்கம் விசாரிப்பது அப்படித்தான். ஆனால் அந்த மூன்று எழுத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது. அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசக்கூடிய ஒரே ஆள் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் பேசாமல் படுத்திருந்தார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்தவர்களில் லத்தீன் தெரிந்தவர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். சுவரொட்டியிலோ பேனரிலோ அந்த மூன்று எழுத்தைப் பார்த்துவிட்டால் போதும், பேருந்தில் போனாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, ஆரம்பித்துவிடுவார்.

"ரெஸ்ட் இன் பீஸ்னு எவன் சொன்னது? அது ரெக்வியெஸ்காத் இன் பாச்சே. லத்தீன். இங்கிலீஷ்காரனுக்கு அதிர்ஷ்டம், அவன் பாஷையிலயும் அதே மூணு எழுத்து வந்து குந்திக்கிச்சு."

"யாரு கேட்டா உங்கள? சாம்பார் ஆறுது, சாப்டுங்க," என்பேன் நான்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். ஒரு சொல் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் சண்டை நிச்சயம். அவர் என்னை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அவருக்கு லத்தீன் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்ததும் கத்தோலிக்கச் சாமியாராகப் போகிறேன் என்று குருமடத்தில் சேர்ந்தவர் அவர். சில வருஷம் அங்கே படித்தார். அப்போது அவருடைய அம்மா திருவள்ளூர் பக்கம் ஒரு சேம்பரில் கல் அறுத்துக்கொண்டிருந்தார். செங்கல் சூளைக்கு எங்கள் பக்கத்தில் சேம்பர் என்றுதான் பெயர். அப்பா சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு கோடையில் அம்மா மண் குழைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்துவிட்டதாகத் தகவல் வந்தது. பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வந்த பிள்ளை திரும்பிப் போகவில்லை. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில் ஒன்றில் ஃபர்னஸ் வேலைக்குச் சேர்ந்தார். குருமடத்தில் இருந்து அவர் கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் கொஞ்சம் லத்தீனும்தான்.

எங்கள் குடும்பம் பொன்னேரிப் பக்கம் நெல் வைக்கும் குடும்பம். வேலைக்குப் போகிற மின்சார ரயிலில் பழக்கமாகி, நான் அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றேன். எங்கள் நைனா, என் அப்பா, ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை. பேச்சு திரும்பிய பிறகும் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்க நைனாவுக்கு மேலும் கொஞ்ச காலம் ஆனது. அது வேறு கதை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமியார் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவரோடு குடித்தனம் பண்ணுவது லேசும் இல்லை. மனுஷிக்கு உட்காரவே தெரியாது. உடம்பு கேட்காமல் சேம்பர் வேலையை விட்ட பிறகும், வீட்டில் எதையாவது தேய்த்துக்கொண்டோ புடைத்துக்கொண்டோ இருப்பார். மதியம் சாப்பிட்ட பிறகு, கூடத்து மூலையில் வெறும் தரையில், முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்வார். ஒரு நாளில் அவருக்கு ஓய்வு என்று இருந்தது அது மட்டும்தான்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் முதல் ஷிப்ட் முடிந்து பிள்ளை வருவார். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கும். லீவு நாட்களில் நான் வீட்டில் விழித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் நான் எழுந்து நிற்பதற்குள் மாமியார் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்திருப்பார்.

"நீங்க படுங்க அத்தை. நான் சோறு போட மாட்டேனா?"

"நீ இன்னாத்துக்கு எய்ந்துக்கிற? புள்ள வந்துக்கிது. நான் தொறக்கிறேன்."

அவர் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போதே அம்மாவைத் திட்டுவார். "கொஞ்ச நேரம் அக்கடான்னு படுத்தா இன்னாம்மா உனுக்கு?" மாமியார் குழம்பைச் சூடு பண்ணப் போய்விடுவார். அதற்குப் பிறகு அன்று படுக்கவும் மாட்டார். எனக்கு உள்ளுக்குள் எரியும். கட்டிக்கொண்டு வந்தவள் ஒருத்தி இருக்கிறாள், அவள் கதவைத் திறந்தால் பிள்ளைக்குச் சோறு இறங்காதா என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அந்த மனுஷிக்கு அந்தச் சத்தமும் காதில் விழாது.

மாமியார் இறந்தபோது எங்கள் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் புதுக் குழி கிடைத்தது. சில மாதம் கழித்துக் கல் வைத்தோம். பேருக்குக் கீழே வழக்கம்போல அந்த மூன்று எழுத்தைச் செதுக்கட்டுமா என்று கல் வேலைக்காரர் கேட்டார். அன்றைக்குத்தான் என் கணவர் வீட்டுக்கு வந்து, கையைக் கூடக் கழுவாமல், அந்த வினைச்சொல்லின் பூர்வோத்தரத்தை எல்லாம் எனக்குச் சொன்னார்.

க்வியெஸ் என்றால் அசைவில்லாத அமைதி. இங்கிலீஷில் கொயட் என்கிறோமே, அதுவும் அந்த வேரில் கிளைத்ததுதான். அதிலிருந்து க்வியெஸ்கெரே என்ற வினை வந்தது. அடங்குதல், ஓய்தல். அதற்கு முன்னால் ரெ என்று ஒன்றைச் சேர்த்தால் ரெக்வியெஸ்கெரே. ரெ என்றால் திரும்பவும். எங்கிருந்து எழுந்தோமோ அந்த அமைதிக்கே திரும்பிப் போய் உட்காருதல் என்று அவர் விளக்கினார்.

"மொதல்ல இதுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்ல, டீச்சரம்மா. வேலை செஞ்சு களைச்சவன் நெழல்ல குந்தினா அதுக்கும் இதே வினைதான். ஒரு போகம் பயிர் வைக்காம உட்ட நெலத்துக்குக்கூட இந்த வினையில இருந்துதான் பேரு வச்சாங்க."

"எங்க நைனா நெலத்த ஆறப் போடுறேன்னு சொல்வாரே, அதுவா?"

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அதேதான்! இளைப்பாறுறதுலயும் அந்த ஆறுதான கீது? லத்தீன்காரனும் உங்க நைனாவும் ஒரே ஆளு."

நைனாவைக் கேட்டால் கையில் இருக்கிற மண்வெட்டியோடு வந்திருப்பார் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். துக்கம் நடந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் அந்த வினையைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு வந்ததையும், இறந்தவர்களுக்கான பூசைக்கு ரெக்வியெம் என்று பெயர் வந்ததே அந்தக் குடும்பத்துச் சொல்லால்தான் என்பதையும் அவர் சொன்னார். ரெக்வியெஸ்காத் என்றால் இளைப்பாறட்டும். நம் ஜெபத்தில் பழைய தமிழில் இளைப்பாறக் கடவது என்று வருமே, அது. கட்டளை மாதிரி ஒலித்தாலும் அது கட்டளை கிடையாது, ஒரு வேண்டுதல் என்றார்.

"ஆமா, செத்தவங்களுக்குக் கட்டளை போட்டா கேட்டுக்கினு நடப்பாங்களா?" என்று நான் சீண்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. "அத அவங்களுக்குச் சொல்றதில்ல. நமக்குச் சொல்றது. இனிமேலாவது அவங்கள எயுப்பாம இருங்கன்னு."

பிறகு கை கழுவ எழுந்தவர் திரும்பி நின்றார். "எங்கம்மாவ யாரும் எயுப்பக் கூடாது. நாளைக்கு எனுக்கே ஒண்ணு ஆனாலும் அந்தக் குழியத் தொறக்காத."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் ஒரு தொழிற்சாலையின் மதில். நீளவும் வழியில்லை, அகலவும் வழியில்லை. அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. பல வருஷம் ஆன குடும்பக் கல்லறையைத் திறப்பார்கள். அடியில் இருக்கிற எலும்பைச் சேகரித்து வெள்ளைத் துணியில் கட்டி, புதிதாக வருகிறவரின் பெட்டிக்குக் காலடியில் வைத்து மூடிவிடுவார்கள். கல்லில் இன்னொரு பேர் ஏறும். ஊரில் யாரும் இதைத் தப்பாக நினைப்பதில்லை, புருஷனோடு பெண்டாட்டி, அப்பாவோடு மகன் என்று சேர்ந்தே கிடப்பது நல்லதுதானே என்பார்கள். இவருக்கு மட்டும் அது பிடிக்காது. உயிரோடு இருந்தவரை ஒரு மதியம் முழுசாகத் தூங்காத அம்மாவை அங்கேயும் போய் எழுப்புவதா என்பார்.

இன்னொரு வார்த்தையும் சொல்லியிருந்தார். அது எங்கள் நைனாவை எரித்துவிட்டு ரயிலில் திரும்பி வரும்போது. அன்று அவர் சுடுகாடு வரை போயிருந்தார். பொன்னேரியில் ரயில் ஏறியதில் இருந்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தவர், திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனா என்ன நெருப்புல மட்டும் வைக்காத. உலைகிட்ட நின்னு நின்னு நான் பாத்த நெருப்பு போதும்."

வேலையில் இருந்து வரும்போது அவர் சட்டை முதுகில் உப்புப் பூத்து வெள்ளையாக நிற்கும். அதை ஊறப்போட்டுத் துவைத்தவள் நான். அதனால் அந்த வார்த்தைக்கு நான் கிண்டல் எதுவும் சொல்லவில்லை. சரி என்றேன்.

இரண்டுக்கும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன். இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அவர் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. வேலையை விட்டதும் அக்கடா என்று உட்காரப் போகிறேன், டீச்சரம்மா என்ன கத்தினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று மில்லில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தவர். நானும் விடவில்லை. கறிவேப்பிலை வாங்கி வாருங்கள், மோட்டார் போடுங்கள் என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ கேட்டார். நான் டீயோடு வந்தபோது தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்து, ஆறிப்போகுமே என்று தோளைத் தட்டினேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. எது கேட்பதானாலும் என்னிடம்தான் கேட்டார்கள்.

எங்கள் கோயிலின் பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணிவிட்டு, என்னைத் தனியாக அழைத்துப் பேசினார். "அம்மா, தோட்டத்துல புதுக் குழிக்குச் சுத்தமா இடம் இல்லை. குடும்பக் கல்லறை இருக்கறவங்களுக்கு அதைத் திறந்துதான் வைக்கிறோம். உங்க மாமியார் கல்லறைக்குப் பல வருஷம் ஆயிடுச்சு, திறக்கலாம். அது வேண்டாம்னா எரிக்கலாம், திருச்சபை தடுக்கலை. சாம்பலை வைக்கச் சின்னதா ஒரு இடம் தரோம். சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க. குழி வெட்டுறவருக்குச் சொல்லி அனுப்பணும்."

பக்கத்துப் பங்குக் கோயில்களில் கேட்க முடியாதா என்றேன். அந்தந்தப் பங்குக்காரர்களுக்கே அங்கே இடம் இல்லை என்றார்.

என் அண்ணன் பொன்னேரியில் இருந்து வந்திருந்தான். அவன் என் பக்கத்தில் வந்து குந்தினான். "மச்சான நம்ம ஊருக்கே எடுத்துக்கினு போயிடலாம்மா. நைனாவ எரிச்ச எடத்துலயே பண்ணிடலாம். நான் எல்லாம் பாத்துக்கிறேன்."

ஒரு காலத்தில் இவர் தெருவுக்குள் வரவே யோசித்த ஊர் அது. அண்ணன் மனசார அழைக்கிறான் என்று தெரிந்தது. அதற்காகவே எனக்கு அழுகை வந்தது.

"நம்ம நெலத்துல ஒரு ஓரமா பொதைக்கலாமா, அண்ணா?"

அவன் தலை குனிந்துகொண்டான். "அதுக்கு ஊர்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா. பயிர் வைக்கிற எடம்."

எல்லோரையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் நீர் கோத்து அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது. துடைத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தேன். எரிக்காதே என்று ஒன்று, திறக்காதே என்று ஒன்று, இரண்டையும் என் தலையில் கட்டிவிட்டு நீங்கள் பாட்டுக்குப் படுத்துக்கொண்டீர்கள், இப்போது நான் யாரைக் கேட்பேன் என்று வாய்விட்டே கேட்டேன். எந்த வாக்கை மீறினாலும் அவர் மனசு நோகும். நோவதற்கு அவர் இல்லை என்ற நினைப்பு வந்ததும் இன்னும் மோசமாக இருந்தது.

வெளியே பைக் சத்தம் அதிகமானது. முதல் ஷிப்ட் விட்டு ஆட்கள் வருகிற நேரம். இப்போது யாரும் சைக்கிளில் வருவதில்லை. இருந்தாலும் என் கண் தன்பாட்டுக்குக் கூடத்து மூலைக்குப் போனது. மாமியார் சாய்ந்துகொள்ளும் மூலை.

மாமியார் கடைசியாகப் படுக்கையில் விழுந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. எழுந்து உட்காரவும் தெம்பில்லை. அப்போதும் அந்த நேரத்துக்குச் சைக்கிள் மணி கேட்டதும் கையை ஊன்றி எழப் பார்ப்பார். விழுந்துவிடுவாரே என்று நான் இரண்டு தோளையும் பிடித்துப் படுக்க வைப்பேன். "நீங்க படுங்க அத்தை, நான் தொறக்கிறேன்." ஒரு நாள் அப்படிப் பிடித்துப் படுக்க வைத்தபோது மாமியார் அழுதார். சேம்பரில் சூடு பட்டுத் தோல் உரிந்தபோதும் அழாதவர் என்று சொல்வார்கள். நான் அவர் அழுது பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் போய்க் கதவைத் திறந்தேன். இவர் உள்ளே வந்து, அம்மா ஏன் அழுகிறாள் என்று என்னைக் கேட்டார். வலியாக இருக்கும் என்று சொன்னேன். வலி இல்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் ஒரு லத்தீன் வினையைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேசியவருக்கு இது தெரியாது. ஏனென்றால் அவர் எப்போதும் கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். உள்ளே இருந்து பார்த்தவள் நான். பிள்ளை வெளியே நிற்கும்போது அந்த மனுஷிக்குப் படுக்கை கொள்ளாது. அப்போது அவரை எழவிடாமல் படுக்க வைத்தால் அதற்குப் பேர் இளைப்பாறுதல் கிடையாது.

வெளியே போய்ச் சாமியாரிடம் சொன்னேன். "அத்தை கல்லறையைத் திறக்கச் சொல்லுங்க, சாமி."

மறுநாள் காலையில் அவர் பெட்டிக்குப் பின்னால் நானும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பக்கம் பொம்பளைகள் அங்கெல்லாம் போக மாட்டார்கள். அண்ணன் என்னைத் தடுக்கப் பார்த்துவிட்டு, பிறகு அவனே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். குழி வெட்டுகிறவர் முன்பே மண்ணை எடுத்துவிட்டு, அடியில் மட்டும் மிச்சம் வைத்திருந்தார்.

"பாக்க வேணாம்மா. அந்தாண்ட போய் நில்லு," என்றார்.

நான் நகரவில்லை. அவர் கையாலேயே மண்ணைத் தள்ளித் தள்ளி எடுத்தார். பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் எலும்பு. ஜெபமாலையின் சிலுவை கறுத்துப்போய்க் கிடந்தது. புது வெள்ளை வேட்டியில் எல்லாவற்றையும் வைத்துக் கட்டினார். நான் கையை நீட்டினேன். அவர் சாமியாரைப் பார்த்தார், சாமியார் தலையசைத்தார், மூட்டை என் கைக்கு வந்தது.

ஒரு மரக்கால் நெல்லின் கனம்கூட இல்லை. சேம்பரில் தலைமேல் சுடாத செங்கல் அடுக்கிச் சுமந்த உடம்பு. மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இவர் பெட்டி கயிற்றில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியார் தமிழில் ஜெபத்தை முடித்தார். இளைப்பாறக் கடவது என்ற இடம் வந்ததும் எல்லோரும் ஆமென் என்றார்கள். அவருக்காக அதை லத்தீனில் ஒரு தடவை சொல்லிப் பார்க்க ஆசைப்பட்டேன். ஒருவருக்கு ரெக்வியெஸ்காத். இரண்டு பேருக்குச் சொல்லும்போது அந்த வினை எப்படி முடியும் என்று எப்போதோ சொல்லித்தந்திருந்தார். எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு முழுசாக உறைத்தது.

"குடும்மா, காலடியில வைக்கணும்," என்று குழிக்குள் நின்றவர் கையை நீட்டினார்.

நான் குனிந்து மூட்டையைக் கொடுத்தேன். கொடுக்கும்போது அதன் மேல் வாயை வைத்து, மாமியாருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அத்தை, உங்க புள்ள வந்துட்டாரு. இந்த வாட்டி நான் புடிச்சுக்க மாட்டேன். நீங்களே போய்த் தொறங்க."